மார்டினெஸில் வாசிக்கப்படும் பாராட்டுத் தீர்மானம்: 911 பணியாளர்களைக் கவுண்டி எப்படிப் பாராட்ட வேண்டும்?

கொன்றைமரம் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். கலிபோர்னியாவின் கான்ட்ரா காஸ்டா கவுண்டியில் (நம் ஊர் மாவட்டம் போன்றது) பதினான்கு ஆண்டுகளாகக் குடியிருந்தும், கவுண்டியை ஆளும் சூப்பர்வைசர் குழுவின் கூட்டத்துக்கு நான் முதன்முறையாகப் போனது சென்ற ஏப்ரலில்தான். எங்கள் தெரு எந்த நகராட்சியின் எல்லைக்குள்ளும் வராததால் சாலை கவுண்டியின் பொறுப்பில் இருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகும் வழியில் பாதசாரிகள் கடப்பதற்குக் கோடு போட்டுத் தர வேண்டும் என்று கேட்பதற்காக, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் விடுப்பு எடுத்துக்கொண்டு கவுண்டியின் தலைநகரான மார்டினெஸுக்குப் போயிருந்தேன்.

என் முறை வருவதற்கு முன்பு, அவசர உதவி கேட்டு வரும் 911 அழைப்புகளை எடுக்கும் டிஸ்பாட்சர்களைப் பாராட்டும் தீர்மானம் வாசிக்கப்பட்டது. எட்டுப் பேர் முன்னால் வந்து நின்றார்கள். "என்பதாலும்", "என்பதாலும்" என்று அடுக்கிக்கொண்டே போய் "ஆகவே" என்று முடியும் அந்த நீண்ட வாசகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, ஓரத்தில் நின்ற ஒரு பெண்மணி மட்டும் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நடைவழியில் அவரோடு இரண்டு வார்த்தை பேச வாய்த்தது. பன்னிரண்டு மணி நேர இரவுப் பணியை முடித்துவிட்டு நேராக அங்கே வந்ததாகவும், அன்று மாலை ஆறு மணிக்கே திரும்பவும் பணியில் அமர வேண்டும் என்றும் சொன்னார். கையில் தீர்மானத்தின் நகல் இருந்தது. "இதில் எங்கள் வேலை என்னவென்று எங்கேயும் எழுதவில்லை" என்று மிக மெதுவாகச் சொன்னார். அவர் குறைபட்டுக்கொண்டதாகத் தோன்றவில்லை, களைப்பில் வாய்தவறி வந்த சொல் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அந்த வாசகத்தைக் கவுண்டியின் இணையதளத்தில் எடுத்து முழுவதும் படித்தேன். அவர் சொன்னது சரிதான். அர்ப்பணிப்பு, துணிவு, தன்னலமின்மை என்று எல்லாம் இருந்தன. அதில் "டிஸ்பாட்சர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "நூலகர்" என்று போட்டாலும் ஒரு வரியைக்கூட மாற்ற வேண்டியிருக்காது.

இதில் என்னை மிகவும் உறுத்தியது ஒன்று உண்டு. ஏப்ரல் இரண்டாம் வாரத்தை 911 பணியாளர்களுக்கான வாரமாக இன்று நாடு முழுவதும் கொண்டாடுகிறார்கள் அல்லவா, அந்த வழக்கம் பிறந்ததே நம் கவுண்டியில்தான். 1981ஆம் ஆண்டில், நம் ஷெரிப் அலுவலகத்தில் (கவுண்டியின் காவல்துறை) பணியாற்றிய பட்ரீசியா ஆண்டர்சன் என்பவர்தான் இதைத் தொடங்கினார். அமெரிக்க நாடாளுமன்றம் அதை ஏற்று அறிவித்தது 1990களின் தொடக்கத்தில். மேலிடத்திலிருந்து உத்தரவாக வராமல், வேலையை உள்ளிருந்து அறிந்த ஒருவர் மனத்தில் முளைத்த வழக்கம், அது பிறந்த ஊரிலேயே இப்படி வெறும் சொல்லடுக்காக நிற்கக் கூடாது என்று நினைக்கிறேன். வருகிற ஏப்ரலில் தமிழ்க் குடும்பங்கள் சிலராவது போய்ப் பேசலாமா, போனால் என்ன கேட்பது என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

மலைச்சாரல்

ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் இந்தச் சடங்கின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை என்பதை நேராகச் சொல்லிவிடுகிறேன். நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். மே மாதத்தின் முதல் வாரம் பொது ஊழியர்களைப் பாராட்டும் வாரம். அது 1985 முதல் நடக்கிறது. மே 15 பணியில் உயிர்நீத்த காவலர்களின் நினைவு நாள். 1962இல் கென்னடி அறிவித்தது, அந்த வாரம் முழுவதும் காவலர் வாரம். மே மூன்றாம் வாரம் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கு. 1974இல் அதிபர் ஜெரால்டு போர்டு காலத்தில் தொடங்கியது. சாலை, வடிகால், குடிநீர் வேலை செய்பவர்களுக்கான வாரமும் ஏறக்குறைய அதே சமயத்தில் வருகிறது. அது 1960 முதல் நடக்கிறது. நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுண்டி அரசுகள் இருக்கின்றன. அவற்றில் எத்தனையோ இடங்களில் ஒரே அச்சில் வார்த்த வாசகத்தைத்தான் ஆண்டுதோறும் வாசிக்கிறார்கள்.

டிஸ்பாட்சர்களுக்கு உண்மையில் எது குறை? மத்திய அரசின் தொழில் வகைப்பாட்டை 2018இல் திருத்தியபோதும், அவர்களை "அலுவலக மற்றும் நிர்வாக உதவி" என்ற பெரும்பிரிவிலேயே விட்டுவைத்தார்கள். அதாவது வரவேற்பு மேசையில் இருப்பவரும் தட்டச்சு செய்பவரும் இருக்கும் அதே கூட்டத்தில். அதை மாற்றுவதற்கான மசோதா நாடாளுமன்றத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்திருக்கிறது. டெக்சஸ் 2019இலும், நம் கலிபோர்னியா 2020இலும், முதலில் களமிறங்கும் அவசரப் பணியாளர்கள் என்ற பட்டியலில் அவர்களைச் சேர்த்தன. ஆனால் மன அதிர்ச்சியால் வரும் பாதிப்பை வேலையால் வந்த நோய் என்று எடுத்துக்கொள்ள வழிசெய்த கலிபோர்னியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் தீயணைப்பு வீரர்களுக்கும் காவலர்களுக்கும்தான் எழுதப்பட்டது. குழந்தை மூச்சுவிடவில்லை என்று ஒரு தாய் அலறுவதைக் காதுக்குள் கேட்டுவிட்டு, அடுத்த நொடியே இன்னோர் அழைப்பை எடுப்பவருக்கு அதிர்ச்சி வராதா? முதலில் ஆள் எண்ணிக்கையைக் கூட்டட்டும், ஓய்வு கொடுக்கட்டும். பிறகு பாராட்டிக்கொள்ளலாம்.

இரவுப்பணி செவிலி

மலைச்சாரல் சொன்ன ஒவ்வொன்றும் உண்மை. இருந்தாலும் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக இரவுப் பணி செய்கிறவள் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

ஒரு நோயாளி எங்களிடம் வந்து சேர்வதற்குள் பல கைகள் மாறியிருக்கும். பல ஊர்களில் 911 அழைப்பை முதலில் காவல் பக்கத்தில் எடுப்பார்கள்; மருத்துவ அவசரம் என்று தெரிந்ததும் தீயணைப்புத் துறையின் அழைப்பு மையத்துக்கு மாற்றுவார்கள். அங்கிருப்பவர் வழிமுறை சொல்லிக்கொண்டே வண்டியை அனுப்புவார். தீயணைப்பு வண்டியில் வரும் பாராமெடிக் (அவசர மருத்துவ உதவியாளர்) நோயாளியை எடுத்து ஆம்புலன்ஸ் குழுவிடம் கொடுப்பார், அவர்கள் எங்களிடம் கொடுப்பார்கள். எனக்கு முடிவு தெரியும். ஆம்புலன்ஸ்காரர் அடுத்த நோயாளியை இறக்க வரும்போது "காலையில் கொண்டுவந்தேனே, அவர் எப்படி இருக்கிறார்?" என்று என்னிடம் கேட்பார். நானும் சொல்லக்கூடிய அளவுக்குச் சொல்வேன். ஆனால் முதன்முதலில் அந்தக் குரலைக் கேட்டவருக்கு மட்டும் கதை பாதியிலேயே அறுந்துவிடுகிறது. வாசலில் ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அவர் தொலைபேசியை வைத்துவிட வேண்டும். அந்த ஆள் பிழைத்தாரா, இறந்தாரா என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியாமலே போய்விடும். ஆண்டுக்கணக்கில் இப்படி ஆயிரக்கணக்கான பாதிக் கதைகளைச் சுமந்துகொண்டு ஒருவர் எப்படி உறங்குவார் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

பட்டயத்தால் அந்தக் குறை தீராது. ஆனால் ஒரு கதையின் முடிவை அவருக்குச் சொல்ல முடிந்தால், அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை என்று நான் கருதுகிறேன். சில ஊர்களின் தீயணைப்புத் துறையினர், மாரடைப்பிலிருந்து பிழைத்தவரையும் அவரைக் காப்பாற்றியவர்கள் அனைவரையும் ஒரே அறைக்கு அழைத்துச் சந்திக்க வைக்கிறார்கள். அழைப்பை எடுத்தவரும் அதில் இருப்பார்.

ஆற்றங்கரை

செவிலி அக்கா எழுதியதைப் படித்தபின் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கும்பகோணத்திலிருந்து அப்பாவும் அம்மாவும் எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காபி குடித்துவிட்டு டம்ளரைக் கழுவும் தொட்டியில் வைக்கப் போன அப்பா அப்படியே சாய்ந்துவிட்டார். மூச்சு இருக்கிறதா இல்லையா என்று புரியாதபடி நீண்ட இடைவெளி விட்டு ஒரு குறட்டை போன்ற ஓசை மட்டும் வந்தது. என் மனைவி 911ஐ அழைத்து, தொலைபேசியைத் தரையில் அப்பாவின் காதருகே வைத்து, ஒலியைப் பெருக்கினாள்.

அந்தப் பெண் குரல் முகவரியை ஒருமுறை கேட்டது, ஒருமுறை திருப்பிச் சொன்னது. பிறகு அப்பா விழித்திருக்கிறாரா, இயல்பாக மூச்சுவிடுகிறாரா என்று இரண்டே கேள்விகள். குறட்டை விடுகிறார் என்று நான் சொன்னதும், "அது மூச்சு இல்லை, இப்போதே தொடங்குங்கள்" என்றது. கையை மார்பின் நடுவில் வைக்கச் சொன்னது. முழங்கையை மடக்காமல் அழுத்தச் சொன்னது. என்னோடு சேர்ந்து எண்ணத் தொடங்கியது: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, மீண்டும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இடையில் நான் அழுதுவிட்டேன். அந்தக் குரல் அழவும் இல்லை, அதட்டவும் இல்லை. எண்ணிக்கையை மட்டும் கொஞ்சம் உரக்கச் சொன்னது, நான் மறுபடி அதன் தாளத்துக்கு வந்து சேர்ந்துகொண்டேன். கை ஓயும்போது மனைவியை மாறச் சொன்னது. கதவைத் திறந்து வைக்கச் சொன்னது, நாய் இருந்தால் கட்டச் சொன்னது. ஏழு நிமிடம் என்று பிறகு தெரிந்தது. வண்டி வந்துவிட்டது என்றேன். "நீங்கள் நன்றாகச் செய்தீர்கள்" என்றது. அழைப்பு முடிந்தது.

அப்பா பிழைத்துக்கொண்டார். இப்போது தினமும் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறார். தீயணைப்பு நிலையத்துக்கு இனிப்போடு போய் வண்டியில் வந்த நால்வருக்கும் கைகொடுத்தோம். ஆனால் அந்தக் குரலுக்கு உரியவர் யார் என்று விசாரித்தபோது, சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் "அதற்கென்று ஒரு வழிமுறை எங்களிடம் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். இன்றுவரை அவர் பெயர் எனக்குத் தெரியாது. அப்பா உயிரோடு இருப்பதும் அவருக்குத் தெரியாது. அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. அன்று சமையலறை மூலையில் நின்றுகொண்டு அந்தக் குரல் எண்ணியதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர், இன்றும் விளக்கேற்றும்போது "அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்" என்று சொல்கிறார்.

தீயணைப்பு நிலையத்துப் பிள்ளை

ஆற்றங்கரை அவர்களே, உங்கள் தந்தையார் நலமோடு இருப்பதைக் கேட்டு மனம் நிறைந்தது.

என் தந்தை தமிழ்நாட்டில் தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ஒரு குடியரசு நாளன்று மாவட்ட ஆட்சியரின் கையால் நற்சான்றிதழ் வாங்கினார். எங்கள் வீட்டுக் கூடத்தில் அது இன்றும் மாட்டியிருக்கிறது. அதில் "சிறப்பாகப் பணியாற்றியமைக்காக" என்று ஒரே ஒரு வரிதான் உண்டு. என்ன செய்தார் என்பது அதில் இல்லை. ஒரு கிணற்றில் இறங்கி, விஷவாயுவில் மயங்கிக் கிடந்த இரண்டு பேரைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார். அதைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். இப்போது என் மகன் சுவரில் மாட்டிய அதைப் பார்த்து "தாத்தா என்ன செய்தார்?" என்று கேட்டால், சான்றிதழ் பதில் சொல்வதில்லை, நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. நடந்ததை இரண்டு வரியில் எழுதியிருந்தால் அந்தத் தாளின் மதிப்பே வேறு.

இன்னொன்றும் தோன்றுகிறது. 1944இல் பம்பாய்த் துறைமுக வெடிவிபத்தில் மாண்ட தீயணைப்பு வீரர்களை நினைத்து இந்தியாவில் ஏப்ரல் 14ஐ அனுசரிக்கிறார்கள். நிலையத்தில் அன்று கொடியைத் தாழ்த்தி, தந்தையும் மற்றவர்களும் வரிசையாக நிற்பதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்திருக்கிறேன். வீட்டில் சித்திரை முதல் நாள் பாயசம் காத்திருக்கும், அவர் அந்த அஞ்சலியை முடித்துவிட்டுத்தான் வருவார். இங்கே 911 வாரமும் அதே நாட்களை ஒட்டியே வருகிறது.

முன்னாள் ஊழியர்

வேறொரு கவுண்டியில் சமூகநலத் துறையில் இருபத்தைந்து ஆண்டு பணியாற்றியவன் நான். எந்தக் கவுண்டி என்பது இங்கே தேவையில்லை. இருபத்தைந்து ஆண்டு நிறைவுக்காகக் கூட்டத்தில் அழைத்துப் பட்டயம் கொடுத்தார்கள். அதில் என் பெயரைப் பிழையாக அச்சிட்டிருந்தார்கள். திருத்தித் தருகிறோம் என்று வாங்கிக்கொண்டவர்கள் திருப்பித் தரவே இல்லை. எனக்கு அது அன்று வலித்தது, இன்றும் கொஞ்சம் வலிக்கிறது. ஆகவே இது சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

அதோடு, சங்கொலி எழுப்பிக்கொண்டு வருபவர்களை மட்டுமே இந்த இழை நினைப்பதாக எனக்குப் படுகிறது. 2012 ஆகஸ்ட் 6 அன்று இந்தக் கவுண்டியின் ரிச்மண்டில் செவ்ரான் சுத்திகரிப்பு ஆலை தீப்பிடித்தபோது, ஏறத்தாழ 15,000 பேர் மூச்சுத்திணறல் போன்ற தொல்லைகளோடு மருத்துவ உதவி தேடினார்கள். ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை பதினொரு மணிக்கு நாம் கேட்கும் அந்தச் சோதனைச் சங்கு கவுண்டியின் எச்சரிக்கை அமைப்பைச் சேர்ந்தது; அதைப் பழுதில்லாமல் வைத்திருப்பவர்களை யாருக்குத் தெரியும்? 2020 மார்ச் 16 அன்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ஆறு கவுண்டிகள் கொரோனாவுக்காக ஒன்றாக ஊரடங்கை அறிவித்தன. சான்டா கிளாரா கவுண்டியின் அன்றைய சுகாதார அதிகாரி சாரா கோடிக்கு அதற்காகக் கிடைத்தது கொலை மிரட்டல்.

2015 டிசம்பர் 2ஐயும் நினைத்துப் பாருங்கள். சான் பெர்னார்டினோவில் துப்பாக்கிச்சூட்டில் இறந்த 14 பேரில் 13 பேர் கவுண்டி ஊழியர்கள். உணவகச் சமையலறையும் நீச்சல்குளமும் சுத்தமாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவைச் சேர்ந்தவர்களே அவர்களில் பெரும்பாலோர். அந்தக் கவுண்டி தன் அலுவலக வளாகத்தில் ஒரு நினைவிடம் எழுப்பி 2022இல் திறந்தது. அதில் இறந்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மாடம் உண்டு. பதினான்கு பேருக்கும் சேர்த்து ஒரே கல்வெட்டு என்று முடித்துக்கொள்ளாமல், குடும்பத்தாரைக் கேட்டு ஒவ்வொரு மாடத்தையும் அவரவருக்கு உரியதாக அமைத்திருக்கிறார்கள். பாராட்டும் நினைவேந்தலும் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல முன்மாதிரி அதுதான்.

மலைச்சாரல்

ஆற்றங்கரை எழுதியதை இரண்டு முறை படித்தேன். முதலில் ஆள் எண்ணிக்கையும் ஓய்வும், பிறகுதான் பாராட்டு என்று வரிசைப்படுத்தியது தவறு என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பெண் ஏழு நிமிடம் எண்ணியது தீர்மானத்தில் ஏறியிருந்தால், "அலுவலக உதவி" என்ற வகைப்பாட்டை அதே கூட்டத்தில் யாராலும் நியாயப்படுத்திப் பேசியிருக்க முடியாது. வேலை என்னவென்று துல்லியமாக எழுதுவதே அந்தக் கோரிக்கைக்கும் ஆதாரமாகிவிடும். ஆனால் ஒரு நிபந்தனை: தீர்மானத்தை வாசிக்கும் அதே நாளில், அழைப்பு மையத்தில் எத்தனை இடங்கள் காலியாக இருக்கின்றன, கட்டாயக் கூடுதல் நேரம் எவ்வளவு என்பதையும் பொதுமக்கள் முன்னால் சொல்ல வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும். இரவுப் பணி முடித்து வந்தவரை நிற்கவைத்துப் பாராட்டி, மாலையில் மீண்டும் பணிக்கு அனுப்புவதை ஏற்க மாட்டேன். இதற்குச் சம்மதம் என்றால் நானும் வருகிறேன்.

கொன்றைமரம்

மலைச்சாரல், முழுச் சம்மதம். எல்லாரும் சொன்னதை வைத்து மூன்று கோரிக்கைகளாக எழுதியிருக்கிறேன். தீர்மானத்தின் வாசகத்தை அந்தப் பணியில் இருப்பவர்களிடமே கேட்டு எழுத வேண்டும், அவர்கள் பெயரைச் சரிபார்த்து அச்சிட வேண்டும் என்பது ஒன்று. மலைச்சாரல் கேட்ட காலியிடக் கணக்கு இரண்டாவது. உயிர்பிழைத்தவரோ குடும்பத்தாரோ விரும்பினால், அழைப்பை எடுத்தவருக்கு நன்றி போய்ச் சேர்வதற்கு ஒரு வழி வேண்டும் என்பது மூன்றாவது. இரு தரப்பும் சம்மதித்தால் மட்டும் சந்திப்பு, இல்லையென்றால் பெயர் சொல்லாமல் ஒரு கடிதமாவது. மருத்துவ ரகசியம் காக்கும் விதிகளுக்கு உட்பட்டு இதை எப்படி வகுப்பது என்று செவிலி அக்கா ஒருமுறை பார்த்துத் தர வேண்டுகிறேன்.

தீர்மானத்தில் சேர்க்கும்படி நாம் கொடுக்கும் மாதிரி வரி இது: "வீட்டில் ஒருவர் மூச்சின்றி விழுந்து கிடக்கையில், உதவி வாசலுக்கு வரும்வரை, மருத்துவம் அறியாத குடும்பத்தாரின் கைகளைத் தம் குரலால் வழிநடத்தி, மார்பை அழுத்தும் தாளம் தவறாமல் அவர்களோடு எண்ணியவர்கள் இவர்கள் என்பதாலும்."

கூட்ட நிரலைக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வெளியானதும் நாளையும் நேரத்தையும் இங்கே இடுகிறேன்.

இரவுப்பணி செவிலி

மூன்றாவது கோரிக்கையை நான் எழுதித் தருகிறேன். குடும்பத்தாரே முன்வந்து நன்றி சொல்வதற்கு ரகசிய விதிகள் குறுக்கே நிற்பதில்லை. மருத்துவமனையோ கவுண்டியோ தாமாக நோயாளியின் விவரத்தைச் சொல்லக் கூடாது என்பதுதான் விதி. அந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதினால் போதும்.

ஆற்றங்கரை

அம்மா மார்ச் மாதம் மறுபடி வருகிறார். தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும் தானே பேசுவதாகச் சொல்கிறார். தமிழில்தான் பேசுவார், என் மகள் பக்கத்தில் நின்று ஆங்கிலத்தில் சொல்வாள். பேசுவதற்கு இரண்டு மூன்று நிமிடம்தான் தருவார்கள் என்று கேள்விப்பட்டேன். நேற்று அம்மா ஒருமுறை சொல்லிப் பார்த்தார். அவருடைய பங்குக்கே இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. எதைக் குறைப்பது என்று தெரியவில்லை.

கொன்றைமரம்

எதையும் குறைக்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளரோடு பேசுபவருக்கு மற்றவர்களைப் போல இரு மடங்கு நேரமாவது தர வேண்டும் என்று கலிபோர்னியாவின் பொதுக்கூட்டச் சட்டத்திலேயே இருக்கிறது. அம்மாவை முழுவதும் பேசச் சொல்லுங்கள். அன்று காலையில் உங்கள் வீட்டுக்கு நான் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன்.